இலையைத் திருப்பினால் ஒரு கூட்டம்

பூச்சிப் படம் எடுப்பேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டாம்பூச்சி, அப்புறம் தட்டான், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்குக் கும்பிடுபூச்சி. செடியில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் அசுவினி, மாவுப்பூச்சி, இலைப்பேன் என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும். "அதைப் போய் எதற்குப் படம் எடுக்கிறாய், மருந்து அடிக்க வேண்டியதுதானே" என்பார்கள். எனக்கு என்னவோ இந்த ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆசாமிகளைத்தான் பிடித்திருக்கிறது. தட்டானைத் துரத்திக்கொண்டு வெயிலில் அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் இவை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைவிடப் பெரிய காரணம், வரப்போரத்தில் ஒரே ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்தால் போதும், தின்பது, தின்னப்படுவது, பிள்ளை பெறுவது, காவல் நிற்பது, மேய்ப்பது எல்லாமே அந்த ஒரு கிளைக்குள் நடந்துகொண்டிருக்கும்.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எந்த லென்ஸ் வாங்கலாம் என்பது. அதற்கு அப்புறம் வருகிறேன். லென்ஸ் இருந்தும் ஒன்றுமே கிடைக்காமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அவர்கள் பூச்சியைத் தேடுகிறார்கள். அரை மில்லிமீட்டர் உயிரை நின்றுகொண்டு தேடினால் யார் கண்ணுக்கும் தெரியாது. தேட வேண்டியது செடியில் இருக்கும் சேதத்தை. இலை எங்கே நிறம் மாறியிருக்கிறது, எங்கே சுருண்டிருக்கிறது, எங்கே பளபளக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தால் ஆள் அங்கேதான் இருப்பார், அல்லது கொஞ்சம் முன்னால்வரை இருந்திருப்பார்.

எறும்பிலிருந்து தொடங்கலாம், அது சுலபம். ஒரு செடியின் தண்டில் எறும்புகள் மேலும் கீழும் வரிசையாகப் போய்வருகின்றன, ஆனால் அங்கே பூவும் இல்லை, பழமும் இல்லை என்றால் மேலே எங்கோ சாறு உறிஞ்சிகள் இருக்கின்றன என்று அர்த்தம். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி எல்லாம் செடியின் சாற்றைக் குடித்துவிட்டு மிச்சச் சர்க்கரையைத் துளித்துளியாக வெளியேற்றும். எறும்புக்கு அதுதான் வேண்டும். எறும்பு வராத இடங்களில் அந்தத் துளிகள் கீழ் இலைகளில் விழுந்து பிசுபிசுக்கும், வெயில் படும்போது பளபளக்கும், கொஞ்ச நாளில் அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலை முழுக்கக் கரி பூசினாற்போல் ஆகிவிடும். இலை கறுத்திருந்தால் பலர் அந்த இலையையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் இருக்காது, தலையைத் தூக்கி அதற்கு நேர் மேலே இருக்கும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு அடையாளம் தோல்கள். அசுவினி வளரும்போது நான்கு முறை தோல் உரிக்கும், உரித்த தோல் வெள்ளையாக, எடையே இல்லாமல் கீழ் இலைகளில் உதிர்ந்து கிடக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளை ஈ என்று தோன்றும், ஆனால் செடியைத் தட்டினால் எதுவும் பறக்காது. உண்மையான வெள்ளை ஈயாக இருந்தால் தட்டியவுடன் ஒரு கூட்டம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே செடிக்கே திரும்பி வந்து உட்காரும்.

இலைப்பேனின் கைவரிசை வேறு விதம். இலையின் மேல்தோலைக் கீறி, செல்லுக்குள் இருப்பதை உறிஞ்சிவிடும், காலியான செல்லுக்குள் காற்றுப் புகுந்துவிடுவதால் அந்த இடம் வெள்ளிக் கோடாக மின்னும். அந்தக் கோட்டுக்குள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது இலைப்பேனின் கழிவு. இதன் வாயைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு: இடது பக்கத் தாடை மட்டும்தான் வளர்ந்திருக்கும், வலது பக்கம் வளர்ச்சியே இல்லாமல் நின்றுவிட்டது. இறக்கையும் சாதாரண இறக்கை இல்லை, மெல்லிய ஒரு குச்சியும் அதன் இரு பக்கமும் நீண்ட முடிகளும்தான். அந்த முடிகள் தெளிவாக விழுந்த ஒரு படம் கிடைத்தால் அன்றைக்கு நான் வேறு எதையும் எடுக்காமல் திரும்பிவிடுவேன்.

சிலந்திக்கு உறவான சிலந்திப்பேனுக்கு அடையாளம், ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள், முற்றிய நிலையில் இலைக்கும் காம்புக்கும் நடுவே மெல்லிய நூலாம்படை. வெயிலும் வறட்சியும் சேர்ந்த நாட்களில் இது எல்லா இடத்திலும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். தாளை இலைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். விழுந்த தூசி தூசியாகவே கிடக்கும், அதில் சில புள்ளிகள் மட்டும் நடக்க ஆரம்பிக்கும். அவற்றில் எட்டுக் கால் உள்ளவை சிலந்திப்பேன்கள். முட்டையில் இருந்து புதிதாக வந்த குட்டிக்கு ஆறு கால்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பூச்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அடுத்த தோல் உரிப்பில் மிச்ச இரண்டு கால்களும் வந்துவிடும்.

இலைத்துளைப்பான் போட்ட கோலத்தைப் படம் எடுக்க எனக்கு அலுப்பதே இல்லை. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் புழு தின்றுகொண்டே போகிறது, அந்தப் பாதை வெள்ளையாக வளைந்து வளைந்து தெரிகிறது. பாதை எங்கே நூலாக இருக்கிறதோ அங்கே முட்டையில் இருந்து வந்திருக்கிறது, எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே வளர்ந்திருக்கிறது, ஆக ஒரு புழுவின் மொத்த வளர்ப்புப் பருவமும் ஒரே இலையில் எழுதப்பட்டிருக்கிறது. இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பின்னால் இருந்து வெளிச்சம் வரும்படி எடுத்தால் பாதையின் நடுவே கழிவுக் கோடும், அகலமான முனையில் புழுவும் (இன்னும் வெளியேறவில்லை என்றால்) நிழலாகத் தெரியும். இதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம், சாதாரண போன் போதும்.

சாறு உறிஞ்சும் இன்னொரு குட்டியான தத்துப்பூச்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நண்டுபோல பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபக்கத்துக்குப் போய்விடும், திருப்பினால் மறுபடி இந்தப் பக்கம். பொறுமை உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்று கேட்டால், அடர்ந்த காடும் வேண்டாம், மருந்து அடித்துப் பராமரிக்கும் தோட்டமும் வேண்டாம். வரப்பு, வேலி, வாய்க்கால் கரை, தரிசு நிலம், யாரும் கவனிக்காத மண்பாதையின் ஓரம். எருக்கஞ்செடி ஒன்று கிடைத்துவிட்டால் ஒரு காலை முழுக்க அங்கேயே போய்விடும். இளந்துளிரிலும் பூக்காம்பிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கறுப்புக் காலும் பின்புறம் இரண்டு கறுப்புக் குழாய்களுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினி அங்கே இருக்க நிறைய வாய்ப்பு. அரளியிலும் இதே இனம்தான். செடியின் சாற்றை உறிஞ்சி அதில் இருக்கும் நஞ்சைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்வதால் ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இதற்கு இல்லை, அந்த மஞ்சளே ஒரு எச்சரிக்கைப் பலகை. படம் எடுக்கிற நமக்கு அது வசதி, தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பெரியதும் சின்னதுமாக எல்லா அளவிலும் இருக்கும், எல்லாமே பெண், ஆண் துணை இல்லாமலே பிள்ளை பெறுகிறவை, அதுவும் முட்டை இல்லை, நேராகக் குட்டி. பெரிய அசுவினி ஒன்று பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் அதன்மேல் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருங்கள். வெளிறிய மஞ்சளில் ஒரு சின்ன மொட்டு வெளியே வரும், குட்டி பின்புறமாகத்தான் பிறக்கும், கால்கள் உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும், கடைசியில் இரண்டு சிவந்த கண்களோடு தலை. கால்கள் விரிந்து இலையைத் தொட்டதும் அது தாயை விட்டுப் பிரிந்து, கொஞ்சம் தள்ளிப் போய், ஊசிமூக்கைத் தண்டில் இறக்கிவிடும். பிறந்த அந்தக் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கரு வளர ஆரம்பித்திருக்கும் என்பதுதான் தலை சுற்றவைக்கிற விஷயம். வெப்பமான நாட்களில் ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் தாயாகிவிடும்.

ஆண் இல்லாமலே அசுவினி பிள்ளை பெறும் என்பதை முதலில் ஒழுங்காக நிரூபித்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் பொன்னே, 1740-இல். அப்போது அவருக்கு வயது 20. பிறந்தவுடன் ஒரு அசுவினியைத் தனியாகப் பிரித்து, வேறு எதுவும் அண்டாதபடி மூடி வளர்த்து, நாள் தவறாமல் உருப்பெருக்கியோடு உட்கார்ந்து பார்த்தார். எந்த ஆணையும் பார்க்காத அந்த ஒற்றை அசுவினி 95 குட்டிகளைப் போட்டது. கேமரா இல்லாத காலம், கண்ணும் குறிப்பேடும்தான். நமக்கு மூன்று நிமிடம் காத்திருந்தாலே கால் மரத்துப்போகிறது.

சரி, கூட்டத்துக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் அசுவினிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் அசையாமல், உப்பலாக, பழுப்பு நிறக் காகிதம் ஒட்டினாற்போல இருக்கும். அது செத்துப்போன அசுவினியின் கூடு, உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு இருக்கிறது அல்லது இருந்தது. முதுகில் வட்டமாக, வெட்டியெடுத்த மாதிரி ஒரு ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது. சில கூடுகளில் அந்த வட்ட மூடி கீல் போட்ட கதவு போல ஒட்டிக்கொண்டே நிற்கும். குளவியும் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். அது முட்டையிடும் விதம் பார்க்கத் தகுந்தது, வயிற்றைத் தன் கால்களுக்கு நடுவே முன்னோக்கி வளைத்து, தலைக்கு முன்னால் நீட்டி, ஒரே குத்து. கண்ணிமைக்கும் நேரம். நான் அதை எடுத்த படங்களில் பாதியில் குளவி இருக்கிறது, குத்து இல்லை.

அப்புறம், காலும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் பச்சையும் பழுப்புமாக ஒரு புழு கூட்டத்துக்குள் தடவிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். பூவுக்கு மேல் அந்தரத்தில் நின்று பறக்குமே, தேனீ வேஷம் போட்ட ஈ, அதன் புழு இது. தட்டுப்படுகிற அசுவினியைக் கவ்வி, தூக்கிப் பிடித்துக்கொண்டு, உறிஞ்சிவிட்டுத் தோலை எறிந்துவிடும். பொறிவண்டும் அதன் குட்டியும் சொல்லவே வேண்டாம். மெல்லிய நூலின் நுனியில் நிற்கும் முட்டைகள் தெரிந்தால் அது அசுவினிக்கு இன்னொரு எதிரியான கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது, அந்த நூல்களுக்குப் பின்னால் இருட்டான பின்னணி கிடைக்கும்படி கோணத்தை மாற்றினால் படம் அழகாக வரும்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஒரு ஏமாற்றுவேலை உண்டு. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு, மற்றவற்றைவிடப் பெரிதாக, கொஞ்சம் வேகமாக நகர்கிற ஒன்றைப் பார்த்தால் அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதற்காகவே உலகத்தில் பல நாடுகளுக்கு அந்த வண்டைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அதையும் மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மெழுகு இழைகளுக்கு அடியில் துருதுருவென்று ஆறு கால்கள் ஓடுவது தெரிகிற ஒரு படத்தைக் காட்டினால் பாதிப் பேராவது கையை நிறுத்துவார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது சாமான்கள். என் கருத்து, முதலில் வாங்க வேண்டியது லென்ஸ் இல்லை, பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைக்கண்ணாடி. நகை பார்க்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இலையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதை எடுக்கப் போகிறோம் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு கேமராவை எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

போன் வைத்திருப்பவர்கள் கிளிப் லென்ஸ் மாட்டிக்கொள்ளலாம். போனிலேயே இருக்கும் மேக்ரோ வசதி பெரும்பாலும் அகலக்கோண லென்ஸை வைத்துச் செய்வது, பொறிவண்டுக்குச் சரி, சிலந்திப்பேனுக்கு ஒத்துவராது. கிளிப் லென்ஸைப் பிரதான கேமராவின் மேல் மாட்டினால் நன்றாகவே வரும், என்ன, இலையை மூக்கால் முட்டும் தூரத்துக்குப் போக வேண்டும், போனின் நிழலே இலையில் விழும்.

கேமரா என்றால் கணக்குச் சுலபம். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம் உள்ள (அதாவது பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்) மேக்ரோ லென்ஸில், படம் பதியும் சென்சார் 36 மி.மீ. அகலம் என்றால், இரண்டு மி.மீ. அசுவினி படத்தின் அகலத்தில் பதினெட்டில் ஒரு பங்குதான் வரும். 6000 பிக்சல் அகலப் படத்தில் அது 330 பிக்சல் சொச்சம், வெட்டி எடுத்தால் பரவாயில்லை. அரை மி.மீ. சிலந்திப்பேன் என்றால் 80 பிக்சல், அதில் எட்டுக் காலை எண்ண முடியாது. அதனால் இன்னும் பெருக்க வேண்டும், அதற்கு லென்ஸின் முன்னால் திருகும் குளோசப் லென்ஸ், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் செருகும் எக்ஸ்டென்ஷன் ட்யூப், பழைய லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் என்று வழிகள் இருக்கின்றன. ரிவர்ஸ் ரிங்தான் மலிவு. கேமராவோடு வந்த பழைய கிட் லென்ஸ் அலமாரியில் தூங்கினால் அதைத் திருப்பி மாட்டிப் பாருங்கள், அகலக்கோணத்தில் வைத்தால் பெருக்கம் அதிகம், தொலைவு குறைவு.

பெருக்கம் கூடக்கூட எல்லாமே எதிராகத் திரும்பும். ஒன்றுக்கு ஒன்றில், லென்ஸின் துவாரம் (அப்பர்ச்சர்) எஃப் 8-இல் இருந்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நான்கு மடங்கு பெருக்கினால் அது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்காகிவிடும், கண் தெளிவாக இருந்தால் முதுகு மங்கல். அப்படியானால் அப்பர்ச்சரை மூடலாமே என்றால், லென்ஸில் எஃப் 8 என்று இருந்தாலும் நான்கு மடங்கில் அது நடைமுறையில் எஃப் 40 என்கிற மிகச் சின்னத் துவாரமாகத்தான் வேலை செய்யும், ஒளி சிதறி மொத்தப் படமுமே மழுங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முறை இருக்கிறது, அசையாத செதில் பூச்சிக்கும் முட்டைகளுக்கும் அருமையாக வரும். அசுவினி ஒரு உணர்கொம்பை ஆட்டினால்கூட மூன்று கொம்பாகிவிடும். நான் செய்வது, பூச்சியின் உடம்பு முழுவதும் சென்சாருக்கு இணையாக வரும்படி கோணத்தைத் திருப்பிக்கொள்வது. பக்கவாட்டுப் படம் சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் கண், கொம்பு, கால், பின்குழாய் நான்கும் ஒரே படத்தில் தெளிவாக வரும்.

காற்றைப் பற்றிப் புலம்பாத மேக்ரோ ஆள் கிடையாது. முக்காலி இங்கே உதவாது, கேமரா அசையாது, செடி ஆடும். அதற்குப் பதில் இடது கையின் இரண்டு விரலால் காம்பைப் பிடித்துக்கொண்டு, லென்ஸின் முனையை அதே கையின் மேல் வைத்துவிடுங்கள். இப்போது கையும் இலையும் லென்ஸும் ஒன்றாகவே ஆடும், ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் எதுவும் ஆடாது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, விரலை லேசாக உருட்டி இலையை முன்னும் பின்னும் கொண்டுபோய், மூச்சை விட்டுவிட்டு, கண் தெளிவாகும் அந்த நொடியில் அமுக்க வேண்டும். பத்தில் ஒன்று வரும். பழகினால் மூன்றில் ஒன்று. காலையில் சீக்கிரம் போனால் காற்றும் குறைவு, குளிரில் பூச்சிகளும் மந்தமாக இருக்கும்.

இலையைப் பறித்துவிடலாமே என்று தோன்றும். பறித்த சில நிமிடங்களில் இலை வாட ஆரம்பிக்கும், சாறு நின்றதும் பூச்சி மூக்கை உருவிக்கொண்டு நடக்கத் தொடங்கும், எறும்பும் போய்விடும், குளவி அந்தப் பக்கமே வராது. படத்துக்கு ஒரு பூச்சி மட்டும் மிஞ்சும்.

வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ் வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் எரியும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும், கை நடுக்கமும் காற்றும் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஃப்ளாஷை அப்படியே அடித்தால் அசுவினியின் பளபளப்பான முதுகில் வெள்ளைப் புள்ளி ஒன்று எரியும், மாவுப்பூச்சியின் மெழுகு மொத்தமாக வெளுத்துப்போகும். பொருட்களைச் சுற்றி வருகிற மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து லென்ஸுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவே கட்டிக்கொள்ளுங்கள், எவ்வளவு பெரிதாகவும் பூச்சிக்கு எவ்வளவு பக்கத்திலும் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும். மாவுப்பூச்சி எடுக்கும்போது ஃப்ளாஷை இன்னும் ஒரு படி குறைத்து வையுங்கள், இல்லையென்றால் இழைக்கும் உடம்புக்கும் வித்தியாசமே தெரியாது.

படம் வந்தாயிற்று, இது என்ன பூச்சி? இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எனக்கு ஒரு படம் அனுப்பி இனம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தச் செடி என்பது, பாதிப் பேருக்குத் தெரிவதில்லை, செடியின் படமும் இருக்காது. சாறு உறிஞ்சிகளில் பல ஒரு செடியையோ ஒரு குடும்பத்தையோ மட்டும்தான் நம்பிப் பிழைக்கின்றன, செடி தெரிந்தால் சந்தேகப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அதனால் பூச்சியின் முகத்தை எவ்வளவு கூர்மையாக எடுத்தாலும், கூடவே அந்தச் செடி முழுக்க ஒன்று, இலையின் இரு பக்கமும் ஒன்று, சேதம் தெரிய ஒன்று, பூ இருந்தால் பூ. அதே உருப்பெருக்கத்தில் ஒரு அளவுகோலின் மில்லிமீட்டர் கோடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கூட்டத்தின் அழகில்லாத அகலப் படம் ஒன்று என் கண்ணில் பத்து நெருக்கப் படத்துக்குச் சமம், யார் யாரோடு எங்கே இருந்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் படத்தால் முடியாத இடங்கள் இருக்கின்றன. புகையிலை வெள்ளை ஈ என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பார்வைக்கு வித்தியாசமே தெரியாத பல இனங்களின் தொகுப்பு, மரபணுவைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இலைப்பேனையும் மாவுப்பூச்சியையும் கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் முடிகளையும் துளைகளையும் எண்ணினால்தான் இனம் உறுதி. படத்தை மட்டும் வைத்து யாராவது மாவுப்பூச்சிக்கு முழுப் பெயரும் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

இது வெறும் பெயர் வைக்கும் சண்டை இல்லை. 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்துக்கொண்டே போனது. மரவள்ளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா, பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும், அதைக் கட்டுப்படுத்தும் எதிரியும் அங்கேயே இருக்கும் என்று தேடப் போனார்கள். கண்டத்தின் வட பகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, பார்க்க அதே போல. அதன் எதிரிகளைக் கொண்டுவந்தால் ஆப்பிரிக்கப் பூச்சியை அவை சீந்தவில்லை, காரணம் அது வேறு இனம். சரியான பூச்சி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது, அதோடு சேர்ந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியும். அந்தக் குளவியை வளர்த்து, விமானத்தில் இருந்துகூட விட்டார்கள், மரவள்ளி பிழைத்தது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரே மாதிரி தெரிந்த இரண்டு வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவில் இருந்த வித்தியாசத்தால் நடந்தது இத்தனையும். அதனால்தான் பார்த்த உயிர்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் போடும்போது நான் இனம்வரை போகாமல் பேரினத்தோடு, சில சமயம் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், செடியின் பெயரை மட்டும் உறுதியாகப் போட்டுவிடுகிறேன்.

எடுக்கவே முடியாதவையும் உண்டு. புங்க இலைகளில் விரல் விரலாக முடிச்சுகள் எழும்பியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதைச் செய்வது மி.மீ.-இல் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லாத, சிலந்திப்பேனுக்கு உறவான ஒரு பேன், புழு மாதிரி நீண்ட உடம்பு, நான்கே கால்கள். வயலில் நின்று அதை எடுக்க முயற்சி செய்வது நேர விரயம். முடிச்சை எடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் நிழல் விழும்படி. படத்துக்கு அதுவே போதும்.

கடைசியாக, பிறர் நிலம் என்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, எந்த மூலையில் பூச்சி அதிகம் என்று கைகாட்டியும் விடுவார்கள். மருந்து எப்போது அடித்தார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அடித்து ஈரம் காயாத செடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துக்கிடக்கக் கூடாது, எடுக்க எதுவும் உயிரோடு இருக்கவும் போவதில்லை. அப்புறம், கிளம்பும்போது சட்டை, பை, ஃபோம் ஷீட் எல்லாவற்றையும் நன்றாக உதறுங்கள். மாவுப்பூச்சியின் குட்டிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு, துணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டம்வரை இலவசமாகப் பயணம் செய்யும். பூச்சி இருக்கும் இலையை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாக எடுக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். மாடித்தொட்டிகளுக்கு மாவுப்பூச்சி வந்து சேர்ந்தால் படம் எடுக்க நமக்கு வசதிதான், வீட்டில் மற்றவர்கள் அதை அப்படிப் பார்க்க மாட்டார்கள்.